பாலை நிலத்து நீரும் மந்தையும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தையொட்டி நடைபெற்ற நிகழ்ச்சியில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

"பாலைவன நாட்டில் நீரும் கால்நடை வளர்ப்பும்" என்னும் பொருளில் பேசுமாறு குழுவினர் நம்மைப் பணித்தபோது, நாம் அரேபியாவைப் பற்றியே பேசுவோம் என்று அவர்கள் எண்ணியிருக்கக் கூடும். நமதூரில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடா சென்று வந்தவர். அந்த மணலும் வெயிலும் நம்மைவிட உங்களுக்கே நன்கு தெரியும். தெரிந்தவர்களிடம் தெரிந்ததைச் சொல்வதில் பயனில்லை. ஆகவே நாம் தெற்கே, ஆஸ்திரேலியக் கண்டத்தின் நடுப்பகுதிக்கு உங்களை அழைத்துச் செல்ல விரும்புகிறோம். மாட்டு மந்தைகளுக்காகத் தோண்டப்பட்ட நீரின் வரலாறு அங்கே கிடக்கிறது. அந்த வரலாற்றில் நம் மார்க்கத்தைச் சார்ந்த எளிய மனிதர் சிலரின் காலடித் தடமும் கலந்திருக்கிறது. அவர்கள் அறிஞர்களோ வணிகப் பிரபுக்களோ அல்லர். ஒட்டகம் ஓட்டிப் பிழைத்தவர்கள்.

முதலில் நிலத்தின் அமைப்பைச் சொல்லிவிடுகிறோம். ஆஸ்திரேலியாவின் கிழக்கோரத்தில் நீண்ட மலைத்தொடர் ஒன்று உண்டு. அம்மலைச் சரிவுகளில் பெய்யும் மழையில் ஒரு பகுதி மணற்பாறை அடுக்குகளுக்குள் இறங்கி, மேலும் கீழும் களிமண் பாறைகளால் மூடப்பட்ட நிலையில், மேற்கு நோக்கி மிக மெதுவாக ஊர்ந்து செல்கிறது. எவ்வளவு மெதுவாக என்றால், ஆண்டொன்றுக்கு 1 முதல் 5 மீட்டர் அளவே நகர்கிறது. மழைபெய்த இடத்திலிருந்து படுகையின் தென்மேற்கு ஓரத்தை எட்டுவதற்குள் பத்து இலட்சம் ஆண்டுகளுக்கும் மேலாகிவிடுகிறது. இன்று அங்கே ஒரு மாடு குடிக்கும் நீர், மனித வரலாறு தொடங்குவதற்கு முன் பெய்த மழை. இந்நிலத்தடிப் படுகையை 'பெரும் ஆர்ட்டீசியன் படுகை' என்பர். அதன் பரப்பு ஏறத்தாழ 17 இலட்சம் சதுர கிலோமீட்டர். அதாவது கண்டத்தின் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். சில இடங்களில் அது 3,000 மீட்டர் ஆழம் வரை இறங்குகிறது.

மேலிருந்து சரிந்து வரும் நீர் மூடிய பாறைக்குள் சிக்கியிருப்பதால் அதற்கு அழுத்தம் உண்டு. மேலே துளையிட்டால், இறைக்காமலேயே நீர் தானாகப் பொங்கி எழும். நம் நாட்டவர்க்கு இது முற்றிலும் புதுமையன்று. நெய்வேலியில் நிலக்கரிச் சுரங்கத்தின் அடியிலிருந்து மேல்நோக்கி அழுத்தும் நீரை இடையறாது இறைத்துக்கொண்டிருந்தால்தான் சுரங்கமே நடக்கும் என்பதை அங்கே பணியாற்றியோர் அறிவர். அதே தத்துவம்தான் அங்கும், ஆனால் ஒரு பேரரசு அளவிற்கு.

மனிதர் துளையிடுவதற்கு முன்பே பாறை வெடிப்புகளின் வழியே அந்நீர் சில இடங்களில் தானாக வெளிவந்துகொண்டிருந்தது. உப்பும் களிமண்ணும் படிந்து படிந்து, ஊற்றைச் சுற்றிச் சிறு மேடு எழும்பிவிடும். மேட்டின் உச்சியில் குளம் இருக்கும். இவற்றை மேட்டூற்றுகள் என்று நாம் அழைக்கலாம். காட்டி தண்டா என்றும் ஐர் ஏரி என்றும் வழங்கும் பெரும் உப்பேரியின் தெற்கிலும் மேற்கிலும் இவை ஒரு வில்போல வளைந்து அமைந்திருக்கின்றன. அரபானா என்னும் ஆதிகுடியினர்க்கும் அவர்தம் அண்டைக் குடியினர்க்கும் இந்த ஊற்றுகள்தாம் வழித்தடம், சந்தை, வழிபாட்டிடம், வரலாற்றேடு எல்லாம். 1859இல் ஜான் மெக்டூவல் ஸ்டூவர்ட் என்னும் நில ஆய்வாளர் இந்த ஊற்று வரிசையைக் கண்டார். 1862இல் அவ்வழியே சென்று கண்டத்தைத் தெற்கிலிருந்து வடக்காகக் கடந்தார். 1872இல் நிறைவடைந்த தந்திக் கம்பியும், பின்னர் வந்த இரயில் பாதையும் அதே வரிசையைத்தான் தொடர்ந்தன. 'கண்டுபிடித்தார்' என்று நூல்கள் எழுதுகின்றன. பல்லாயிரம் ஆண்டுகளாக ஒருவர் குடித்துவந்த ஊற்றை மற்றொருவர் கண்டுபிடித்தார் என்று சொல்வது எப்படிப் பொருந்தும் என்று நாம் கேட்பதில் தவறில்லை.

பாதை அமைந்ததும் மந்தைகள் வந்தன. அங்கே பண்ணை என்றால் நாம் நினைக்கும் தோட்டம் துரவு அன்று. அன்னா கிரீக் என்னும் மாட்டுப் பண்ணை ஏறத்தாழ 24,000 சதுர கிலோமீட்டர் என்று நெடுங்காலமாகக் குறிப்பிடப்பட்டு வந்தது. நம் தமிழகத்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. அவ்வளவு நிலமும் ஒரே பண்ணை! ஆனால் நல்ல ஆண்டில்கூட அதில் நிற்கும் மாடுகள் சதுர கிலோமீட்டருக்கு ஒன்று என்ற அளவை எட்டுவதில்லை. அந்நாட்டில் நிலத்துக்குக் குறைவில்லை. நீர் எங்கே இருக்கிறதோ அதுவரைதான் பண்ணை. எஞ்சியது வரைபடத்தில் கோடு.

இதை அவ்வூர் மாட்டுக்காரர்கள் கணக்காகவே அறிவர். வெயில் நாளில் ஒரு மாடு 50 லிட்டருக்கு மேல் குடிக்கும். மாடு மேய்ந்துகொண்டே போகும்; ஆனால் நீர்த்தொட்டிக்குத் திரும்பியாக வேண்டும். ஆகவே அது பெரும்பாலும் தொட்டியிலிருந்து ஐந்து கிலோமீட்டர் சுற்றளவுக்குள்ளேயே மேயும். பசி மிகுந்தால் எட்டு, பத்துக் கிலோமீட்டர் நடக்கும். விளைவு என்னவென்றால், நீர்நிலையை நடுவாகக் கொண்டு நிலம் வட்டம் வட்டமாக மாறிவிடுகிறது. தொட்டியருகே புல்பூண்டின்றிக் குளம்படிப் புழுதி. அதற்கப்பால் மாடு விரும்பாத செடிகள். அதற்கும் அப்பால் சிறிது சிறிதாகப் புல். 1969இல் லாங்கே என்னும் அடிலெய்டு ஆய்வாளர் செம்மறிகளின் தடத்தையும் புழுக்கையையும் எண்ணியே இந்த வட்டங்களை வரையறுத்து, அதற்கொரு பெயரும் இட்டார். வானூர்தியிலிருந்து பார்த்தால் ஒற்றையடித் தடங்கள் சிலந்தி வலைபோல ஒரு புள்ளியில் வந்து கூடுவதைக் காணலாம்.

இதனால் ஒரு வியப்பான உண்மை வெளிப்பட்டது. நீர்தான் உயிர் என்று நாம் சொல்லுகிறோம், அது சரியே. ஆனால் அந்நிலத்தில் நீர் இல்லாத இடமே பல செடிகளுக்கும் சிற்றுயிர்களுக்கும் புகலிடமாக இருந்தது. மாடு எட்டாத தொலைவில் இருந்ததால் அவை பிழைத்தன. எங்கும் கிணறு தோண்டி, எங்கும் தொட்டி வைத்தபோது அந்தப் புகலிடம் சுருங்கியது. வறண்ட நாட்டுக்கு நீர் கொடுப்பது எப்போதுமே நன்மை என்றுதான் நாமும் எண்ணியிருந்தோம்.

இனி, நம் மக்களின் கதைக்கு வருவோம்.

1860இல் பர்க், வில்ஸ் என்போர் தலைமையேற்ற ஆய்வுப் பயணத்துக்காகக் கராச்சியிலிருந்து 24 ஒட்டகங்கள் மெல்பர்ன் துறைமுகத்தில் வந்திறங்கின. அவற்றோடு அவற்றை ஓட்டுவோர் சிலரும் வந்தனர். அவர்களில் ஒருவரான தோஸ்த் முஹம்மது மெனிண்டீ என்னும் ஊரருகே அடக்கம் செய்யப்பட்டார். 1866இல் தாமஸ் எல்டர் என்னும் செல்வர் நூற்றுக்கும் மேற்பட்ட ஒட்டகங்களையும் முப்பதுக்கு மேற்பட்ட ஓட்டுநர்களையும் போர்ட் அகஸ்டா துறையில் இறக்கி, பெல்டானா பண்ணையில் ஒட்டகம் வளர்க்கத் தொடங்கினார். அதன்பின் ஆயிரக்கணக்கில் ஒட்டகங்களும் மனிதர்களும் வந்தனர். வெள்ளையர் அவர்கள் அனைவரையும் 'ஆப்கன்' என்றே அழைத்தனர். ஆனால் அவர்களில் பலூச்சியர், சிந்தியர், பஞ்சாபியர், காஷ்மீரியர் எனப் பலரும் இருந்தனர். அன்றைய இந்தியாவில் பிறந்தவர் பலர்.

குதிரையும் காளையும் நீரின்றி நடக்க மாட்டாத வழிகளில் ஒட்டகம் நடந்தது. வலிய ஆண் ஒட்டகம் ஒன்று ஐந்நூறு கிலோ வரை சுமக்கும். பண்ணைகளிலிருந்து கம்பளியும், பண்ணைகளுக்கு மாவும் சர்க்கரையும் தேயிலையும் வேலிக்கம்பியும் ஒட்டக முதுகில் சென்றன. துளையிடும் கருவிகளும் இரும்புக் குழாய்களும்கூட அப்படித்தான் சென்றன. பண்ணை நாட்டின் நீர்நிலைகளை உருவாக்கிய பொருள்களைச் சுமந்து சென்றவர்கள் இந்த ஓட்டுநர்கள் என்று சொன்னால் மிகையாகாது.

அவர்களின் பேரூர்களில் ஒன்று தெற்கு ஆஸ்திரேலியாவின் மரீ. ஊற்றின் பெயரால் ஹெர்காட் ஸ்பிரிங்ஸ் என்றும் வழங்கப்பட்டது. எழுத்துக்கூட்டிப் படித்தால் நம் நாவில் அது 'மாரி' என்றே வருகிறது. ஆண்டு முழுதும் சேர்த்தாலும் இருபது சென்டிமீட்டர் மழை பெறாத ஊருக்கு இப்பெயர்! 1884இல் இரயில் அங்கே வந்தது. இரயில் பாதையின் ஒருபுறம் வெள்ளையர் வாழ்ந்தனர். மறுபுறம் ஓட்டுநர்களும் ஆதிகுடியினரும் வாழ்ந்தனர். மையவாடியிலும் அவ்வாறே தனித்தனிப் பிரிவுகள். ஓட்டுநர்கள் 1880களில் அவ்வூரில் மண்சுவரெழுப்பிக் கூரை வேய்ந்து ஒரு பள்ளிவாசலைக் கட்டினர். அந்நாட்டின் முதல் பள்ளிவாசல் அதுவே என்பர். பின்னர் அடிலெய்டு நகரில் 1888-89இல் கல்லால் ஒரு பள்ளிவாசல் எழுந்தது. 1903இல் அதற்கு மினாராக்கள் சேர்க்கப்பட்டன. இன்றும் அங்கே தொழுகை நடைபெறுகிறது. புரோக்கன் ஹில்லில் தகரத்தாலான சிறு பள்ளிவாசல் இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. மரீயின் மண்பள்ளி நிலைக்கவில்லை. அதன் நினைவாக ஊர் நடுவே ஒரு மாதிரி அமைப்பை எழுப்பியுள்ளனர். சந்தாப் பட்டியலும் வருடாந்திரக் கணக்கும் வைத்திருக்கும் நம் போன்ற ஜமாஅத்துக்கு, ஓரிடத்தில் தங்காது பாலையில் நடந்துகொண்டேயிருந்த சிலர் கூடி ஒரு பள்ளிவாசலை எழுப்பியது எவ்வளவு பெரிய காரியம் என்பது சொல்லாமலே விளங்கும்.

நீரைப் பற்றிய சண்டை அவர்களையும் விட்டுவைக்கவில்லை. காளை வண்டிக்காரர்களுக்கு ஒட்டகக்காரர்மீது பகை, காரணம் கூலிப்போட்டி. ஆனால் வெளியே சொல்லப்பட்ட குற்றச்சாட்டு வேறு. 'இவர்கள் தொழுகைக்கு முன் கால் கழுவிக் குடிநீர்க் குட்டைகளை அசுத்தப்படுத்துகின்றனர்' என்பதே அது. ஒளுச் செய்வது குற்றமாகப் பேசப்பட்டது! 1894இல் மேற்கு ஆஸ்திரேலியத் தங்கவயல் பகுதியில் நீர்நிலையொன்றில் எழுந்த தகராறில் ஒட்டகக்காரர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து உயிரிழப்பு நேர்ந்தது. சுட்டவர் நீதிமன்றத்தில் விடுதலை பெற்றார். நம் பள்ளியின் ஹவுளருகே வரிசையாக அமர்ந்து குழாயைத் திருகும்போது நம்மில் எவர்க்கும் இத்தகைய அச்சம் தோன்றியதில்லை.

ஆயினும் நியாயத்தை நியாயமாகவே பேச வேண்டும். நம்மவர் என்பதற்காக ஒருபக்கக் கதை சொல்லுவது அழகன்று. நீண்ட வறட்டு நடைக்குப் பின் ஒரு ஒட்டகம் நூறு லிட்டருக்கும் மேல் ஒரே மூச்சில் குடிக்கும். மணலைத் தோண்டிக் கையால் முகந்து ஒரு குடும்பம் பலநாள் பிழைக்கும் ஊற்றுக்குழியை, பத்து ஒட்டகங்கள் வந்தால் ஒருபொழுதில் வற்றச் செய்துவிடும். அத்தகைய குழிகளைக் காட்டச் சொல்லி ஆய்வுப் பயணத்தார் ஆதிகுடியினரைப் பிடித்து வைத்தனர். 1896இல் பாலையைக் கடந்த டேவிட் கார்னகி, அவர்களைக் கட்டிவைத்து, உப்பிட்ட இறைச்சி கொடுத்துத் தாகமெடுக்கச் செய்து நீரிருக்குமிடம் அறிந்ததைத் தாமே நூலில் எழுதினார். பிடித்தவர்களும் எழுதியவர்களும் ஓட்டுநர்கள் அல்லர். ஆனாலும் தாகித்த ஒட்டகங்கள் குடித்த நீர் பிறருடைய நீர்தான்.

இதன் உச்சம் கேனிங் மந்தைவழி. மேற்கு ஆஸ்திரேலியாவின் வடபுறமுள்ள கிம்பர்லி மாடுகளுக்கு உண்ணிநோய் இருந்தமையால் அவற்றைக் கப்பலில் தெற்கே கொண்டுவர முடியவில்லை. பாலை வழியே ஓட்டிவந்தால் உண்ணி மடிந்துவிடும் என்று கருதி, ஆல்பிரட் கேனிங் என்னும் நில அளவையாளர் 1906-07இல் வழியை அளந்தார். 1908 முதல் 1910 வரை கிணறுகளை வெட்டினார். ஹால்ஸ் கிரீக்கிலிருந்து வில்லூனா வரை ஏறத்தாழ 1,850 கிலோமீட்டர். ஏறக்குறைய ஐம்பது நீர்நிலைகள். ஒவ்வொன்றுக்கும் இடையே மந்தை ஒருநாள் நடக்கும் தொலைவு. எழுபது ஒட்டகங்கள் சுமை தூக்கின. கிணற்றிலிருந்து நீர் இறைக்கவும் ஒட்டகம்தான்: நம் ஊர்க் கவலை ஏற்றத்தில் காளை இறங்குமே, அதேபோல் அங்கே ஒட்டகம் கயிற்றை இழுத்து வாளியை மேலேற்றும்.

நீரைக் கண்டறிய ஆதிகுடியினர் கழுத்தில் சங்கிலியிட்டு அழைத்துச் செல்லப்பட்டனர். அக்குழுவின் சமையற்காரர் ஒருவரே இதைப் பொறுக்காது முறையிட, 1908இல் அரச விசாரணை ஆணைக்குழு அமர்ந்தது. சங்கிலி பயன்படுத்தியதைக் கேனிங் மறுக்கவில்லை. இருப்பினும் ஆணைக்குழு அவரைக் குற்றமற்றவராகவே விட்டது. அத்தனை பாடுபட்டு வெட்டிய வழியில் தொடக்க இருபது ஆண்டுகளில் சென்ற மந்தைகள் பத்தைக்கூட எட்டவில்லை. 1930 அளவில் கிணறுகளைப் பழுதுபார்த்தபின் சில காலம் ஓடி, 1959இல் கடைசி மந்தையோடு அது முடிந்தது.

மந்தை வழிகளில் மரீயிலிருந்து பர்ட்ஸ்வில் செல்லும் வழி இதைவிடப் பயன்பட்டது. ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அவ்வழியில் அரசாங்கம் இடைவெளிவிட்டு ஆர்ட்டீசியன் ஆழ்குழாய்களை இறக்கியது. ஆழத்திலிருந்து வருவதால் அந்நீர் கொதிநிலையை நெருங்கும் சூட்டில் பொங்கும். மாடுகள் குடிக்கும் முன் நீண்ட வாய்க்காலில் ஓடி ஆற வேண்டும். பர்ட்ஸ்வில் ஊரின் குழாய்நீர் ஏறத்தாழ 98 பாகை. அச்சூட்டைக் கொண்டே 1992 முதல் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அவ்வூருக்குச் சிறு மின்நிலையம் ஒன்று இயங்கியது.

இப்போது கணக்குக்கு வருவோம். வருடாந்திரக் கூட்டத்தில் கணக்கில்லாமல் பேச்சு நிறையாது. 1878இல் நியூ சவுத் வேல்ஸின் பர்க் என்னும் ஊர்ப்பக்கம் ஒரு பண்ணையில் இட்ட சிறு துளையில் நீர் தானாகப் பொங்கியது. செய்தி பரவியது, எங்கும் துளையிட்டனர். 1915 வாக்கில் தானாகப் பொங்கும் குழாய்கள் சுமார் 1,500 ஆயின. அவை நாளொன்றுக்கு 200 கோடி லிட்டருக்கும் மேல் வெளியேற்றின. மூடி கிடையாது, திருகு கிடையாது. இரவும் பகலும், மாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், மண் வாய்க்காலில் நீர் மைல்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு குழாய் நாளுக்குப் பத்து இலட்சம் லிட்டர் தருகிறது என்று கொள்வோம். ஆயிரம் மாடுகள், மாட்டுக்கு 60 லிட்டர் வீதம் குடித்தால் 60 ஆயிரம் லிட்டர். எஞ்சிய 9 இலட்சத்து 40 ஆயிரம் லிட்டர் எங்கே போயிற்று? வெயில் குடித்தது, மண் குடித்தது. மண் வாய்க்கால்களில் ஓடிய நீரில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் இவ்வாறே வீணானதாகக் கணித்துள்ளனர். பத்து இலட்சம் ஆண்டு நடந்து வந்த நீர்!

வாய்க்கால் ஓரம் நிழலுக்காக மரம் நட்டனர். என்ன மரம் தெரியுமா? நம் கருவேலமரம். இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து குவீன்ஸ்லாந்துக்குச் சென்ற அது, வாய்க்கால் ஈரத்தில் வேர்விட்டு, மாட்டுச் சாணத்தின் வழியே விதை பரப்பி, புல்வெளிகளை முள்காடாக்கியது. 1957இல் அரசே அதைத் தீங்கான களை என்று அறிவித்தது. அமெரிக்காவிலிருந்து வந்த சீமைக்கருவேலை நாம் திட்டுகிறோம்; அவர்கள் நம் கருவேலைத் திட்டுகிறார்கள்.

அழுத்தம் குறையத் தொடங்கிற்று. பல குழாய்கள் தாமாகப் பொங்குவதை நிறுத்தின; பம்பு வைக்க வேண்டியதாயிற்று. இயற்கை ஊற்றுகள் நூற்றுக்கணக்கில் வற்றின. குறிப்பாகக் குவீன்ஸ்லாந்தில் இழப்பு பெரிது. மிஞ்சிய ஊற்றுகளில் உலகில் வேறெங்கும் இல்லாத மீன்களும் நத்தைகளும் செடிகளும் வாழ்கின்றன. டல்ஹவுசி வெந்நீர் ஊற்றுகளில் அவ்வூற்றுக்கே உரிய கெளிற்று மீன் உண்டு. எட்ஜ்பாஸ்டன் ஊற்றுகளில் 1990இல் அறியப்பட்ட மூன்று சென்டிமீட்டர் நீளச் செவ்விறகு மீன் ஒன்று உண்டு. அதன் வாழ்விடம் முழுவதும் சில ஊற்றுக் குட்டைகளே. மாடுகளும் பன்றிகளும் மிதித்தால் அக்குட்டை சேறாகிவிடும். ஆகவே 2008இல் ஓர் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு அப்பண்ணையையே விலைக்கு வாங்கிவிட்டது.

1999இல் அந்நாட்டு மத்திய அரசும் மாநில அரசுகளும் பண்ணையாளர்களும் செலவைப் பங்கிட்டுக்கொண்டு ஒரு திட்டம் தொடங்கினர். 2017 வரை நடந்த அத்திட்டத்தில் எழுநூறுக்கும் மேற்பட்ட குழாய்களுக்கு மூடியும் திருகும் பொருத்தப்பட்டன. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் மண் வாய்க்கால் மூடப்பட்டு, குழாயும் தொட்டியும் இடப்பட்டன. ஆண்டொன்றுக்கு 20,000 கோடி லிட்டருக்கும் மேல் நீர் மிச்சமாயிற்று. சில ஊற்றுகளில் மீண்டும் நீர் பெருகியதாகவும் அறிகிறோம்.

எல்லோரும் உடனே இசையவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தாத்தா காலத்திலிருந்து ஓடிய வாய்க்கால் எங்கள் உரிமை என்றனர் சிலர். பங்குத்தொகை கட்ட முடியாது என்றனர் சிலர். வாய்க்கால் நின்றால் பறவைகளுக்கு நீரேது என்றனர் சிலர். கடைசிக் கேள்வி எளிதில் தள்ளக்கூடியதன்று. நூறாண்டு ஓடிய வாய்க்காலைச் சார்ந்தும் உயிர்கள் பழகிவிட்டன. ஆனால் குழாயிட்ட பண்ணையாளர் நாளடைவில் ஒரு நன்மை கண்டனர். தொட்டியின் திருகை மூடினால் மாடு அப்பக்கம் போகாது. அந்நிலம் ஓய்வு பெற்றுப் புல் முளைக்கும். வேலி போடாமலே, நீரைக் கொண்டே மந்தையை நடத்தலாம். நீர் ஓயாது ஓடியபோது இல்லாத ஆட்சி, நீரை அடைத்தபோது அவர்கள் கைக்கு வந்தது.

இதே நேரத்தில் 1980கள் முதல் ஒலிம்பிக் டேம் என்னும் பெருஞ்சுரங்கமும் அப்படுகையிலிருந்தே நீர் எடுத்து வருகிறது. ஊற்றுகளின் நீர்வரத்துக் குறைவது பற்றி அரபானா மக்கள் தொடர்ந்து முறையிட்டு வருகின்றனர். மாட்டுக்காரரின் வாய்க்காலை அடைத்து மிச்சப்படுத்தியதைச் சுரங்கத்துக்குக் கொடுப்பதா என்பது அங்கே இன்றும் முடியாத வழக்கு.

வளைகுடா கண்ட நம்மவர்க்கு இது அந்நியக் கதையாக இராது. சவூதி அரேபியாவின் அல்அஹ்ஸாவில் பணியாற்றியோர், ஒரு காலத்தில் தாமாகப் பொங்கிய ஊற்றுகளில் இன்று மோட்டார் வைத்து இறைப்பதைப் பார்த்திருப்பார்கள். பாலையில் கோதுமை விளைவிக்கப் பழம்பெரும் நிலத்தடி நீரைச் செலவிட்ட அந்நாடு, 2008இல் அக்கொள்கையைப் படிப்படியாகக் கைவிட முடிவு செய்தது. பின்னர் அந்நாட்டுப் பால் நிறுவனம் ஒன்று தன் மாடுகளுக்கான தீவனப் புல்லை அமெரிக்காவின் அரிசோனாப் பாலையில் விளைவித்தது. அங்குள்ளோர் தம் கிணறு இறங்குகிறது என்று குரலெழுப்ப, 2023இல் அம்மாநில அரசு தன் நிலக் குத்தகைகளில் சிலவற்றை முடித்துக்கொண்டது. ஒரு பாலையின் தாகம் மற்றொரு பாலைக்குப் புல் வடிவில் கப்பலேறிய கதை அது.

மீண்டும் ஒட்டகக்காரரிடம் வருவோம். 1901இல் வந்த குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் அவர்களின் மனைவி மக்களை வரவிடவில்லை, குடியுரிமையும் கிட்டவில்லை. பலர் ஆதிகுடிப் பெண்களை மணந்து அங்கேயே வேரூன்றினர். பலூச்சிஸ்தானத்தில் பிறந்து, 1896ஆம் ஆண்டின் கால்வெர்ட் ஆய்வுப் பயணத்தில் ஒட்டகங்களை நடத்திய பெஜா தர்வேஷ் மரீயில் குடியமர்ந்து, 1957இல் காலமானார். அவருடைய மகன் 1939இல் சிம்ப்சன் பாலையைக் கடந்த மாடிகனின் பயணத்தில் ஒட்டகங்களை நடத்தினார். 1920களில் லாரிகள் வந்ததும் தொழில் முடிந்தது. தெற்கு ஆஸ்திரேலிய அரசு 1925இல் ஒட்டகங்களைக் கொல்ல வழிசெய்யும் சட்டமியற்றியது. தோளில் கைவைத்து வளர்த்த பிராணியைச் சுட மனம் வராமல் பலர் அவிழ்த்து விட்டனர்.

அவிழ்த்து விட்டவை பெருகின. வறட்சிக் காலத்தில் அவை ஊற்றுகளையும் பாறைச் சுனைகளையும் மொய்த்து, விழுந்து மடிந்து, ஆதிகுடியினர் காத்துவந்த நீரை நாற்றமெடுக்கச் செய்கின்றன. 2020 ஜனவரியில் கடும் வறட்சி. தெற்கு ஆஸ்திரேலியாவின் வடமேற்கிலுள்ள ஆதிகுடியினரின் அனங்கு பிட்ஜன்ஜட்ஜரா நிலப்பகுதியில், ஒட்டகங்கள் தாகத்தால் ஊருக்குள் புகுந்து, குழாய்களை உடைத்து, வீட்டுக் குளிரூட்டும் கருவிகளில் சொட்டும் நீரை நாடி வேலிகளைத் தள்ளின. ஊரார் வேண்டுகோளின்படி ஹெலிகாப்டரிலிருந்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஒட்டகங்கள் சுடப்பட்டன. செய்தி வெளியானபோது உலகெங்கும் முஸ்லிம்கள் பலர் கண்டித்தனர்; நமக்கும் வருத்தமே. ஆனால் அவ்வூர்த் தாய்மார்கள் குழந்தைகளை வெளியே விடவே அஞ்சினர் என்பதையும், அந்நீர் அவர்களுடையது என்பதையும் சேர்த்தே எண்ணிப் பார்த்தோம். அந்த ஒட்டகங்களின் முன்னோரை அங்கே கொண்டுசேர்த்தது மந்தைக்காரரின் தேவை. கைவிட்டதும் அதே தேவை தீர்ந்ததால்தான்.

மரீ வழியே சென்ற பழைய இரயில் பாதை 1980இல் மூடப்பட்டது. ஆப்கன் ஓட்டுநர்களின் பெயரால் 'கான்' என்று வழங்கும் வண்டி இப்போது மேற்கே புதிய பாதையில், டார்வின் வரை ஓடுகிறது. மரீயில் சில நூறு பேர்கூட இல்லை. ஓட்டுநர்கள் நட்ட பேரீச்ச மரபின் மரங்கள் அவ்வூரில் இன்றும் நிற்கின்றன.